நன்னடத்தைப் பிணையில் வந்த இளைஞர்களுக்குச் சிந்தனைப் பயிற்சி வகுப்பு: உண்மையில் பயன் தருமா?

கேள்வி
எழுதியவர்: ஆத்தங்குடிப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கண்ணாடியின் மீது அச்சை வைத்து நிறங்களை ஊற்றுவது முதல் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது வரை எல்லாமே கைவேலை என்பதால், எங்களுக்கு ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. அண்மையில் எங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவர் வந்து, இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்களுக்கு வேலை கொடுக்க இயலுமா என்று கேட்டார். இருவர், பூட்டிக் கிடந்த வீடு ஒன்றிலிருந்து பித்தளைப் பாத்திரங்களையும் செதுக்கு வேலை செய்த மரத் துண்டுகளையும் திருடிய வழக்கில் குற்றம் உறுதியாகி, சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டவர்கள். மூன்றாமவர் அடிதடி வழக்கு ஒன்றில் ஜாமீனில் இருக்கிறார். அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை.

வேலை கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டே தவிர மறுப்பு இல்லை. என் ஐயம் வேறு. வழக்கறிஞரும் ஊரன்பர்கள் சிலரும் வாரத்தில் இரண்டு மாலை வேளைகளில் பட்டறையிலேயே இவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்கிறார்கள். வெளிநாடுகளில் குற்றம் செய்தவர்களுக்குச் சிந்திக்கும் முறையையே பாடமாகச் சொல்லித் தருகிறார்களாம். அதனால் பலர் திருந்தியிருக்கிறார்களாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நீதிநூல்களைச் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்; யோகாசனம் கற்பிக்கவும் ஓர் அன்பர் தயாராக இருக்கிறார். இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் திருடக் கூடாது என்பது தெரியாமலா ஒருவன் திருடுகிறான்? தெரிந்ததையே மீண்டும் சொல்லிக்கொடுத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்டதற்கு எவரும் தெளிவான விடை தரவில்லை.

இப்படிப்பட்ட வகுப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள், அதனால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா, மூவரையும் ஒன்றாக உட்காரவைக்கலாமா, யார் கற்பிக்கத் தக்கவர் என்பவற்றை அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1
எழுதியவர்: காரைக்குடி உளவியல் ஆசிரியை

ஐயா, நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தத் துறையே பிறந்தது என்று சொல்லலாம். 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், அதுவரை நடந்த 231 ஆய்வுகளைத் தொகுத்த குழுவின் சார்பில் எழுதிய கட்டுரையில், சிறைக்குள் நடத்தப்படும் சீர்திருத்த முயற்சிகளில் பெரும்பாலானவை மறுகுற்றத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றார். 'எதுவும் பயன்படாது' என்ற ஒற்றை வரியாக அது பரவி, பல நாடுகள் கடுந்தண்டனையின் பக்கம் சாய ஒரு காரணமாயிற்று. அவரே 1979இல் தம் கருத்தைத் திருத்தி எழுதினார். அதைப் படித்தவர்கள் குறைவு.

கனடாவில் ராபர்ட் ராஸ், எலிசபெத் ஃபாபியானோ என்ற இருவர், எவையெல்லாம் பயன்படவில்லை என்பதை விட்டுவிட்டு, பயன்பட்ட சில முயற்சிகளுக்குள் பொதுவாக என்ன இருந்தது என்று தேடினார்கள். குற்றம் செய்தவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைத் தொட்ட முயற்சிகளே தேறியிருந்தன. இதை அறிவுக்கூர்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மிகுந்த கெட்டிக்காரர்களிடமும் சில சிந்தனைப் பழக்கங்கள் வளராமல் போயிருக்கலாம்: செய்வதற்கு முன் நின்று யோசிப்பது, ஒரு சிக்கலுக்கு மூன்று நான்கு வழிகளை மனத்தில் வரிசைப்படுத்திப் பார்ப்பது, எதிரில் நிற்பவரின் இடத்திலிருந்து பார்ப்பது, 'எல்லோரும் என்னையே குறிவைக்கிறார்கள்' என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது. இவற்றை மிதிவண்டி ஓட்டப் பழகுவதைப் போலப் பழகித்தான் பெற முடியும். கேட்டுப் பெற முடியாது. ஆகவே நீதிநூல் சொல்லும் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் பேச மற்றவர் கேட்கும் அமைப்பு இந்த வேலைக்கு உதவாது.

வகுப்பில் நடப்பது என்னவென்றால், அண்மையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை ஒருவர் சொல்வார். அது குற்றமாக இருக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் நடந்த வாய்த்தகராறாகவும் இருக்கலாம். நடந்தது என்ன, அப்போது மனத்தில் ஓடிய எண்ணங்கள் எவை, உடலிலும் உள்ளத்திலும் எழுந்த உணர்வு என்ன, இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் நம்பிக்கை எது என்று நான்கு பகுதிகளாகப் பலகையில் எழுதுவார்கள். எழுதும்போது எவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதன்பின், அதே இடத்தில் வேறெந்த எண்ணம் வந்திருந்தால் வேறொன்றைச் செய்திருப்பார் என்று தேடுவார்கள். தேடிக் கண்டதை அங்கேயே நடித்துப் பார்ப்பார்கள். அடுத்த வகுப்புக்குள் வெளியில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பது வீட்டுப்பாடம்.

உங்களிடம் வரும் இருவரை எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் கைவைப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் ஏறக்குறைய நமக்கே தெரிந்தவை: 'ஆண்டுக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்க மட்டும் வந்து போகிறவர்கள்', 'பங்காளிகள் தாங்களே கதவையும் தூணையும் பிரித்து விற்கிறார்கள், நான் எடுத்தால் மட்டும் குற்றமா', 'ஆயிரம் சன்னல் உள்ள வீட்டில் ஒரு குத்துவிளக்குப் போனால் யாருக்குத் தெரியும்'. இந்த வரிகள் ஒவ்வொன்றிலும் சிறிதளவு உண்மை கலந்திருக்கிறது. அவை வலுவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். 'திருடுவது பாவம்' என்று எதிர்த்துச் சொன்னால் இந்த வரிகள் அசையாது. அவரே அவற்றைத் தம் வாயால் சொல்லி, பலகையில் எழுதப்பட்டதைத் தாமே படித்து, 'இதில் எது உண்மை, எது வசதிக்காகச் சொன்னது' என்று பிரிக்கும்போதுதான் பிடி தளரும்.

சான்று கேட்டிருக்கிறீர்கள். ராஸும் அவருடன் இருந்தவர்களும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களிடையே நடத்திய சோதனையில், ஒன்பது மாதங்களில் மீண்டும் தண்டிக்கப்பட்டவர்கள், வழக்கமான கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 69.5 விழுக்காடு, பொதுவான வாழ்க்கைத் திறன் வகுப்பில் இருந்தவர்களில் 47.5 விழுக்காடு, சிந்தனைப் பயிற்சி பெற்றவர்களில் 18.1 விழுக்காடு. பயிற்சி தந்தவர்கள் நன்னடத்தை அலுவலர்களே. எண்களைப் பார்த்து வியக்க வேண்டாம். மூன்று குழுக்களையும் சேர்த்தாலும் எழுபது பேர்கூட இல்லை. பின்னாளில் நான்கு நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதே பயிற்சியால் மறுகுற்றம் 14 விழுக்காடுதான் குறைந்திருந்தது. இவ்வகைப் பயிற்சிகள் பற்றிய 58 ஆய்வுகளை மார்க் லிப்சேயும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் தொகுத்தபோது, பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் மீண்டும் குற்றத்தில் சிக்க, பெற்றவர்களில் 30 பேர் சிக்கினர் என்று கண்டார்கள். என் கணிப்பில் இதுதான் நம்பி எடுத்துக்கொள்ளத்தக்க அளவு. நூற்றில் பத்துப் பேர் என்பது சிறிது என்று தோன்றலாம். பத்து வீடுகளின் பூட்டு உடையாது என்று எண்ணினால் அது சிறிதன்று.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சிறைக்குள் நடக்கும் உளவியல் பயிற்சிகளைப் பற்றி 2021இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, சிறிய ஆய்வுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் உறுதியான பயன் தென்படவில்லை என்றது. விடுதலைக்குப் பிறகும் தொடரும் உதவி வேண்டும் என்பதே அதன் ஆசிரியர்கள் வலியுறுத்தியது. இங்கிலாந்துச் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்குப் பல ஆண்டுகள் நடத்தப்பட்ட குழுப் பயிற்சி, 2017இல் வெளியான மதிப்பீட்டில், பயிற்சி பெற்றவர்களிடையே மறுகுற்றம் சற்றுக் கூடியிருந்ததாகக் காட்டியதால் கைவிடப்பட்டது. நல்லெண்ணத்தோடு நடத்தினாலும் கெடுதல் விளையலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுமொழி 2
எழுதியவர்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்

ஆசிரியை அம்மா சொன்னவற்றோடு சட்டத்தின் பக்கத்தையும் நடைமுறையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாத நிலையில், நீதிமன்றம் ஒருவரை மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்துக்குப் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கலாம். ஓராண்டுக்குக் குறையாமல் அலுவலரின் கண்காணிப்பில் வைக்கவும் ஆணையிடலாம். 21 வயதுக்குட்பட்டவராக இருந்தால், 6ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், சிறைக்கு அனுப்புவதற்கு நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. உங்களிடம் வரும் இருவரும் இப்படித்தான் வெளியில் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் அவர்களுக்கு வேலை தேட முயல்வது 14ஆம் பிரிவின்படி அலுவலரின் கடமைகளில் ஒன்று என்பதால், நீங்கள் வேலை கொடுக்க முன்வந்ததை அந்த அலுவலரிடம் நேரில் சென்று சொல்லுங்கள். அவரை விட்டுவிட்டு வகுப்புத் தொடங்குவது சரியாகாது.

மூவரையும் ஒன்றாக உட்காரவைக்கலாமா என்பதற்கு என் விடை: கூடாது. இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஜாமீனில் இருப்பவரின் வழக்கு முடியவில்லை. எண்ணங்களைத் திறந்து சொல்லும் வகுப்பில் அவர் அந்த அடிதடியைப் பற்றிப் பேசினால், பேசியது ஒப்புதல் வாக்குமூலம் போல ஆகிவிடும். காவல்துறையினரிடம் சொன்ன ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளச் சட்டத்தில் தடை உண்டு; தனியாரிடம் சொன்னதற்கு அத்தகைய தடை இல்லை. நீங்களோ உங்கள் ஆசிரியரோ சாட்சிக் கூண்டில் ஏற நேரிடலாம். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் என்பதால், வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே கொண்டுவந்து நடத்துபவர்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். அவருக்கு வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபத்தை அடக்குவது, பேச்சால் சிக்கலைத் தீர்ப்பது போன்றவற்றைக் கற்பனை நிகழ்ச்சிகளை வைத்துத் தனியாகச் சொல்லித்தரலாம். அவர் வழக்கைத் தொடக் கூடாது. அவருக்கு ஜாமீன் நிபந்தனையாகத் தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டியிருக்குமானால், பட்டறை நேரத்தை அதற்கேற்ப மாற்றிக் கொடுங்கள். கையெழுத்துக்குப் போனதால் வேலை போனது, வேலை போனதால் பழைய சேர்மானம் திரும்பியது என்பது நான் பணிக்காலம் முழுவதும் பார்த்த வரிசை.

இரண்டாவது காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். குற்றப் பழக்கம் ஆழமாக வேரூன்றியவருக்குத்தான் இந்தப் பயிற்சியால் மிகுந்த பயன். ஏதோ ஒருமுறை தடுமாறியவருக்கு அவ்வளவு பயன் இல்லை, சில வேளைகளில் கெடுதலும் உண்டு. தடுமாறியவரை ஊறிப்போனவர்களோடு வாரத்தில் இரண்டு நாள் உட்காரவைத்தால் அவர் கற்றுக்கொள்வது ஆசிரியரிடமிருந்து மட்டுமாக இராது. கனடிய அறிஞர்கள் ஆண்ட்ரூஸ், போண்டா ஆகியோர் வகுத்த நெறி இதையே சொல்கிறது: மீண்டும் குற்றம் செய்யும் இடர் கூடியவருக்குக் கூடுதல் பயிற்சி, எது குற்றத்துக்கு இட்டுச்சென்றதோ அதைத் தொடும் பயிற்சி, அவர் கற்கும் விதத்துக்கு ஏற்ற பயிற்சி. ஆகவே இருவரில் ஒருவர் திட்டம் போட்டவர், மற்றவர் ஏணி பிடிக்கப் போனவர் என்றால், இருவருக்கும் ஒரே அளவு மருந்து வேண்டாம். நீதிமன்றம் கேட்டபோது அலுவலர் கொடுத்த விசாரணை அறிக்கையில் குடும்பம், படிப்பு, நட்பு, குடிப்பழக்கம் எல்லாம் இருக்கும். அது இரகசிய ஆவணம். உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஆனால் அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, யாருக்கு எது தேவை என்று வழிகாட்ட முடியும்.

கற்பிப்பவரைப் பற்றி ஒரு சொல். பட்டம் முக்கியமன்று, நிதானம் முக்கியம். வாதத்தில் வென்றே தீர வேண்டும் என்ற குணமுள்ளவரை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். பிணையை மீறினால் என்ன ஆகும் என்று மிரட்டுவது அலுவலரின் வேலை. அதை ஆசிரியர் செய்யத் தொடங்கினால் வகுப்பில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். யோகாசனத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு நல்லது, அதை இந்தப் பயிற்சிக்கு ஈடாகக் கருத வேண்டாம்.

மறுமொழி 3
எழுதியவர்: பள்ளத்தூர் ஆச்சி

படித்துக்கொண்டே வந்தேன். வேலை கொடுக்கிறீர்கள், வகுப்பு நடத்துகிறீர்கள், வெளிநாட்டு ஆய்வெல்லாம் எடுத்துச் சொல்கிறீர்கள். திருட்டுப் போன வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரியாவது வரும் என்று பார்த்தால் வரவில்லை. எங்கள் வீட்டில் என் மாமியார் சீராகக் கொண்டுவந்த வெண்கலப் பானைகள் போயின. சென்னையிலிருந்து ஓடிவந்து, உடைந்த கதவின் முன் நின்றபோது இருந்த மனநிலையை அந்தப் பையன்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். வகுப்பில் முதல் பாடமே அதுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பூட்டிய வீடு என்றால் ஆளில்லாத வீடு என்று பொருளன்று.

மறுமொழி 4
எழுதியவர்: காரைக்குடி உளவியல் ஆசிரியை

ஆச்சி அவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. உங்கள் கடைசி வரியை நான் வகுப்பறைப் பலகையிலேயே எழுதிவைப்பேன். ஆனாலும் முதல் பாடமாக அதை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். லிப்சே குழுவின் தொகுப்பில், கோபத்தை ஆளும் பயிற்சியும், பிறருடன் எழும் சிக்கலைத் தீர்க்கும் பயிற்சியும் சேர்ந்த வகுப்புகள் கூடுதல் பயன் தந்தன. பாதிக்கப்பட்டவரின் துயரை உணர்த்தும் பகுதியைச் சேர்த்த வகுப்புகளில் பயன் குறைந்தே தெரிந்தது. இதற்குக் காரணம் இன்னது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. என் ஊகம், தம் எண்ணத்தைத் தாமே சோதிக்கப் பழகாதவர் முன் பிறருடைய கண்ணீரைக் கொண்டுவந்து வைத்தால், அவர் வெட்கத்தில் சுருண்டு மேலும் நியாயம் தேடுவார் என்பது. பத்துப் பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பிறகு, பிறர் இடத்திலிருந்து பார்க்கும் பழக்கம் சிறிது வந்தபின், உங்களைப் போன்ற ஒருவர் விரும்பி வந்து பேசினால் அதன் பலன் வேறாக இருக்கலாம்.

சட்டத்தில் உங்களுக்கான இடமும் உண்டு. நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கும்போதே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும்படி 5ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் ஆணையிடலாம். பட்டறைக் கூலியில் ஒரு பகுதி அதற்குப் போனால், அதுவும் ஒரு பாடந்தான்.

மறுமொழி 5
எழுதியவர்: புதுவயல் அரிசி ஆலை

நான் தண்டனை முடித்து வந்தவன். என்ன வழக்கு, எந்தச் சிறை என்பதை விட்டுவிடுகிறேன். இப்போது புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்கிறேன்.

உள்ளே இருந்தபோது பலர் வந்து பேசினார்கள். நல்லவர்கள்தாம். தட்டில் பழம் வைத்துக் கொடுத்துவிட்டு, 'இனியாவது நல்லவராக வாழுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் கைதட்டுவோம். அன்று மாலை பேச்சு வேறாக இருக்கும். ஒரே ஒரு குழு மட்டும் தொடர்ந்து வந்தது. அவர்கள் பேசவில்லை, எங்களைப் பேசவைத்தார்கள்.

அதில் ஒரு நாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வெளியே போனபிறகு பழைய கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டார்கள். 'வரமாட்டேன் என்பேன்' என்றேன். என்னோடு இருந்த ஒருவரைக் கூட்டாளியாக நடிக்கச் சொன்னார்கள். அவர் தோளில் கைபோட்டு, 'பயந்துட்டியா' என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். நான் அடுத்த நொடியே 'எப்போது போகிறோம்' என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுபடி செய்யச் சொன்னார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பயிற்சி தந்தவர், 'இதை ஒருமுறைதான் சொல்ல முடியும், அடுத்த வாரம் என்ன சொல்வாய்' என்றார். கடைசியில் நாங்களே கண்டுபிடித்த வரி இது: 'எனக்கு வாய்தா இருக்கிறது; இப்போது சிக்கினால் மொத்தமும் போய்விடும்; நீயும் என்னோடு இருந்தால் உன்னையும் சேர்த்துத் தூக்குவார்கள்.' இதில் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வராது. கூப்பிட்டவனுக்கே யோசனை வரும். வெளியே வந்தபின் இந்த வரியை நான் உண்மையிலேயே பயன்படுத்தினேன். எத்தனையாவது கூப்பாட்டில் அவன் விட்டான் என்பது நினைவில்லை, ஆனால் விட்டுவிட்டான்.

பட்டறை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெளியே வந்த முதல் சில மாதங்களில் தங்க இடமும் தினக்கூலியும் இல்லாவிட்டால் அது நிற்காது. எனக்கு உறவினர் ஒருவர் திண்ணையும் சோறும் கொடுத்தார். என்னோடு அதே வகுப்பில் இருந்த, என்னைவிட நன்றாகப் பேசிய ஒருவருக்கு அதுவும் இல்லை. அவர் இப்போது திரும்பவும் உள்ளே இருக்கிறார். இன்னொன்று, ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் பட்டறையில் வருகைப் பதிவேடு வைத்து, வந்த நேரமும் போன நேரமும் எழுதி, தினமும் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பாடமும் செய்யாத உதவியை அந்தக் கையெழுத்து ஒரு நாள் செய்யும்.

மறுமொழி 6
எழுதியவர்: காரைக்குடி உளவியல் ஆசிரியை

புதுவயல் அன்பர் எழுதியதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு என்பதால் குறுக்கிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், மன்ரோவியா நகரத் தெருக்களில் திருட்டிலும் வன்முறையிலும் ஈடுபட்டிருந்த 999 இளைஞர்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு எட்டு வாரச் சிந்தனைப் பயிற்சி மட்டும், சிலருக்கு 200 டாலர் பணம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை என்று பிரித்தார்கள். பணம் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் நிலைக்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் தெரிந்த மாற்றம் ஓராண்டுக்குள் மங்கியது. இரண்டும் பெற்றவர்களிடம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் திருட்டு முதலான செயல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பணத்தைக் கொண்டு அவர்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. அது சில மாதங்களில் கரைந்துவிட்டது. ஆனால் அந்த மாதங்களில் புதிய வாழ்க்கையை நடத்திப் பார்க்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். பயிற்சி தந்தவர்களில் சிலர், முன்பு அதே தெருக்களில் இருந்தவர்கள். புதுவயல் அன்பர் விரும்பினால் அவரையே சில அமர்வுகளுக்கு அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி 7
எழுதியவர்: ஆத்தங்குடிப் பட்டறை

அனைவருக்கும் நன்றி. இருவரையும் வேலைக்கு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஜாமீனில் இருப்பவரையும் எடுப்பேன், அவருக்கு மட்டும் வேலை நேரத்தைத் தள்ளிவைக்கிறேன். வகுப்பு, அலுவலரிடம் பேசியபிறகே. தமிழாசிரியரிடம் பக்குவமாகச் சொல்லி, இளைஞர்களுக்குக் கணக்கும் விண்ணப்பம் எழுதும் முறையும் கற்பிக்கக் கேட்டுக்கொண்டேன், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். ஆச்சி அவர்களுக்கு: நீங்கள் சொன்னது மனத்தில் தங்கிவிட்டது, இழப்பீடு குறித்து வழக்கறிஞரிடம் கேட்கிறேன்.

தேவகோட்டை ஐயாவிடம் இரண்டு கேள்விகள். இவர்களில் ஒருவர் இரண்டு நாள் சொல்லாமல் நின்றுவிட்டாலோ, குடித்துவிட்டு வந்தாலோ நான் உடனே அலுவலருக்குச் சொல்ல வேண்டுமா? சொன்னால் பிணை இரத்தாகிச் சிறைக்குப் போய்விடுவாரோ என்று அஞ்சுகிறேன். கூலியை அவர் கையில் கொடுப்பதா, தாயார் கையில் கொடுப்பதா?

மறுமொழி 8
எழுதியவர்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்

பிணை அவ்வளவு எளிதாக முறியாது. நிபந்தனை மீறப்பட்டதாக அறிந்தால் நீதிமன்றம் அழைத்து விசாரிக்கும். முதல் மீறலுக்குப் பிணையை அப்படியே தொடரவிட்டு, சிறு தொகையை மட்டும் தண்டமாக விதிக்கவும் 9ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆகவே அச்சத்தால் மறைக்காதீர்கள். மறைத்தால் அடுத்த மாதம் அவருக்கு நீங்கள் சொல்லும் எந்தச் சொல்லுக்கும் மதிப்பு இராது.

அதே வேளையில், ஒவ்வொரு சறுக்கலையும் அன்றைக்கே அலுவலகத்துக்குக் கொண்டுபோகவும் தேவையில்லை. ஒரு நாள் வராவிட்டால் ஆளனுப்பி விசாரியுங்கள். வந்ததும் ஏன் வரவில்லை என்று கடிந்துகொள்வதைவிட, முந்தைய மாலை எங்கே இருந்தார், யாருடன் இருந்தார், எந்த நேரத்தில் 'நாளை போக வேண்டாம்' என்று தோன்றியது என்று கேளுங்கள். வகுப்பில் பலகையில் எழுதுவதும் இதையேதான். இரண்டாம் நாளும் வராவிட்டால் அலுவலருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். குடித்துவிட்டு வந்தால் அன்று வேலையில் நிறுத்தாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தொட்டியும் கண்ணாடியும் உள்ள இடம். எந்தச் செய்திக்கு நீங்கள் அலுவலரிடம் போவீர்கள், எதற்குப் போக மாட்டீர்கள் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட்டால், பின்னர் காட்டிக்கொடுத்ததாக எண்ண மாட்டார்கள்.

கூலி அவர் கையில்தான். வயது வந்தவருடைய உழைப்புக்கான பணத்தைப் பிறர் கையில் கொடுப்பதில் நியாயமும் இல்லை, பாடமும் இல்லை. ஆனால் சனிக்கிழமை மாலை மொத்தமாகக் கொடுக்கும் வழக்கம் உங்கள் பட்டறையில் இருந்தால், இவர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் அதைத் திங்கட்கிழமை காலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கிக் கணக்கில் போடலாம். இழப்பீட்டுத் தவணை இருந்தால் அதை முதலில் கட்டிவிட்டு மீதியை எடுக்கும்படி அவரையே எழுதவையுங்கள். தாயாரை வேலை தொடங்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்து, எத்தனை மணிக்கு வேலை விடும், வகுப்பு எந்தெந்த நாள், மகன் வீடு திரும்பத் தாமதமானால் யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு வாருங்கள்.